பொழுது சாயத் திரும்பும் தூரம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்குக் கடப்பாக்கம் என்றால் ஒரு டீக்கடை, கொஞ்சம் நெரிசல், ஆலம்பரைக் கோட்டைக்குக் கை காட்டும் ஒரு பலகை. வண்டி வேகத்தில் இரண்டே நிமிடத்தில் கடந்துபோகிற ஊர். எனக்கோ, காலையில் கட்டுச்சோற்றோடு கிளம்பிப் பொழுது சாய வீடு திரும்ப எத்தனையோ வழிகளைக் காட்டிக்கொடுத்த ஊர். கிழக்கே போனால் ஒரு உலகம், மேற்கே போனால் வேறொன்று. நான் படித்த வரலாறும் இலக்கியமும் இந்த வழிகளில் நடந்த பிறகுதான் எனக்கு விளங்கின.

எங்கள் நிலத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழக்கே கடல். கடலை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் மணல்மேடு. மேட்டில் சவுக்கு, பனை, தென்னை, முந்திரி. அங்கே ஓர் ஆள் ஆழம் தோண்டினால் ஊறுகிற தண்ணீர் இனிக்கும். மேட்டை ஒட்டிக் கழி. சில இடங்களில் கழி கடலுக்கும் ஊருக்கும் நடுவிலும் புகுந்து கிடக்கும். கழியோடு சேர்ந்தும் பிரிந்தும் பக்கிங்காம் கால்வாய். அதைத் தாண்டினால் உப்பளம், அதற்கப்பால் ஏரிப் பாசன வயல்கள். இன்னும் மேற்கே திண்டிவனம் பக்கம் போகப் போகக் கரம்பும் பாறைக்குன்றும் தலைகாட்டும். பேரூராட்சிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டம். நான் பிறந்தபோது பழைய, பெரிய செங்கல்பட்டு மாவட்டம். நடுவில் சில காலம் காஞ்சிபுரம் மாவட்டம். மாவட்டப் பெயர்கள் மாறினாலும் கழி அங்கேயேதான் இருக்கிறது.

என்னை முதலில் நடத்திக் கூட்டிப் போனவர் குப்பத்திலிருந்து கருவாடு கொண்டுவரும் ஓர் ஆயா. எங்கள் கடையில் வெற்றிலையும் புகையிலையும் வாங்குவார். பள்ளி விடுமுறையில் அவரோடு போய்வர வீட்டில் விட்டார்கள். விடிவதற்கு முன்பே தெருமுனையில் குரல் கேட்கும். பழம்புடவையைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, அதன்மேல் பனையோலைக் கூடையை ஏற்றி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடப்பார். கூடையில் நெத்திலி, வாளை, காரப்பொடி, சில நாளில் துண்டு போட்ட சுறா. கழுத்து அசையாது. மணலில் காலை ஊன்றாமல் வழுக்கி எடுத்து வைக்கிற அந்த நடையை எத்தனை முயன்றும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

வழி எப்போதும் மேற்கே. சவுக்குத் தோப்பின் நடுவே ஒற்றையடிப் பாதை, தண்ணீர் வற்றிய காலத்தில் முழங்காலளவுக் கழி, கால்வாய்க் கரை, பிறகு ஏரிக்கரை. "உச்சி வெயிலுக்கு முன்ன ஏரிக்கரை ஏறிடணும் தம்பி, அங்கதான் நெழலு" என்பார். ஊருக்குள் நுழைந்ததும் குரல் மாறும். ஒவ்வொரு வாசலிலும் கூடையை இறக்கமாட்டார். எந்த வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், எந்த வீட்டில் விரதம், எங்கே போன அறுப்புக்குக் கணக்கு நிற்கிறது எல்லாம் அவருக்குத் தெரியும். காசு கைமாறுவது குறைவு. ஒரு படி நெல்லுக்கு இத்தனை கை நெத்திலி என்று பேச்சு. கடைசிக் கையை அள்ளும்போது விரல்களைக் கொஞ்சம் விரித்து, நாலைந்து மீன் அதிகமாக விழும்படி போடுவார். வாங்குகிறவரும் நெல்லை அளக்கும்போது தலை தட்டாமல் குவித்து அளப்பார். அந்த நாலைந்து மீனுக்கும் அந்தக் குவியலுக்கும் யாரும் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. ஆனால் இரண்டில் எது குறைந்தாலும் இருவருக்கும் தெரிந்துவிடும்.

இன்னும் மேற்கே போனால் விலை அதிகம் கிடைக்குமே என்று ஒருமுறை கேட்டேன். "பொழுது சாய வூடு வந்து சேர்ற தூரந்தான் நம்ம தூரம்" என்றார். அவர் வாழ்க்கையின் வட்டத்தைப் போட்டுக் கொடுத்த அளவு அதுதான். வளர்ந்த பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் நானும் அதே அளவை வைத்துக்கொண்டுதான் நடக்கிறேன். இராத் தங்கல் கிடையாது, கூடாரம் கிடையாது. ஒரு பகலுக்குள் போய்த் திரும்ப வேண்டும்.

கல்லூரியில் சிறுபாணாற்றுப்படையைப் பாடமாகப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். எங்கள் ஊர்க்காரர்! 269 அடிகள் கொண்ட அந்தப் பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டுப் பதிப்பில் வெளியிட்டார். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். கடற்கரையோரமாகப் போனால் எயிற்பட்டினம், அதைத் தாண்டினால் முல்லை நிலத்தில் வேலூர், அதன்பின் மருத நிலத்தில் ஆமூர், அதற்கப்பால் அரசனின் கிடங்கில். எயிற்பட்டினம் மரக்காணத்துப் பக்கம் இருந்தது என்றும், வேலூர் இன்றைய உப்புவேலூர் என்றும், ஆமூர் நல்லாமூர் என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கிடங்கில் திண்டிவனத்தோடு ஒட்டிய கிடங்கல்.

ஒவ்வோர் ஊரிலும் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் அந்தப் பாணன் சொல்லிவிடுகிறான். பட்டினத்தில், அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள் தூங்கும் ஒட்டகங்கள்போலக் கிடக்கின்றன. அவற்றை விறகாக்கித் தீ மூட்டிய நுளைமகள் வடித்த கள்ளும், சுட்ட குழல் மீனும் தருவார்கள். வேலூரில் எயினர் வீட்டில் புளியிட்ட சூடான சோறும் காட்டுப்பசுவின் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டில் குத்திய அரிசியின் வெண்சோறும் நண்டும். ஆயாவின் கூடை போன திசையும் இதுதான்: கடலிலிருந்து வயலுக்கு, மீனிலிருந்து நெல்லுக்கு. பாட்டு பிறந்து பல நூற்றாண்டுகள் ஆன பிறகும் பசித்த வயிறும் சுமந்த தலையும் அதே திசையில் நடந்தன. எழுத்துப் படிக்காத அந்த ஆயா, ஆற்றுப்படையின் வழியைக் காலால் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

கிழக்கே நடப்பது சுருக்கம். ஊரிலிருந்து ஆலம்பரைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஆனாலும் ஒரு முழுப் பகலையும் அங்கே கழிக்கலாம். தை, மாசியில் போக வேண்டும். பனிமூட்டம் கலையும்போது முதலில் தெரிவது கோட்டை மதிலின் செங்கல் சிவப்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில் எழுந்த கோட்டை. கழிமுகத்தை ஒட்டித் துறை இருந்தது. இங்கிருந்து சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் கப்பலேறின. நாணயச்சாலையும் இருந்தது. இங்கே அடித்த காசுக்கு ஆலம்பரைக் காசு என்றே பெயர். புதுச்சேரி துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இந்த ஊர்ப் பெயர் வருவதைப் பிற்பாடு படித்தபோது, நாங்கள் திருடன் போலீஸ் விளையாடிய மதில் அது என்று நினைத்துப் பெருமையாக இருந்தது.

அந்த மதிலைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். செங்கற்கள் இன்றைய செங்கலைவிட மெல்லியவை, தட்டையானவை. அவற்றுக்கு நடுவே தடிமனான சுண்ணாம்புச் சாந்து. விரலால் தடவினால் சாந்துக்குள் நொறுங்கிய கிளிஞ்சல் துணுக்குகள் நெருடும். எங்கள் கழியில் இன்றும் கூடை கூடையாய் அள்ளுகிற அதே கிளிஞ்சல். கோட்டை கட்டியவர்கள் செங்கல்லையும் சுண்ணாம்பையும் எங்கிருந்தோ கொண்டுவரவில்லை. இந்த மண்ணைச் சுட்டு, இந்தக் கழியைச் சுட்டுக் கட்டியிருக்கிறார்கள். சில இடங்களில் ஆலமர வேர் மதிலுக்குள் புகுந்து, சுவரையும் பிளந்து, விழாமலும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

1750-இல் முசாபர் ஜங் இந்தக் கோட்டையைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கொடுத்தார். தக்காணத்தின் அரியணைச் சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் தன் பக்கம் நின்றதற்கு அவர் செய்த கைம்மாறு. பத்தே ஆண்டுகள். 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் ஆங்கிலேயர் வென்றார்கள். அவர்களுடைய தளபதி அயர் கூட்டின் படை அங்கிருந்து ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்துக்கொண்டு கடலை நோக்கி இறங்கியது. ஆலம்பரை வீழ்ந்தது, இடிக்கப்பட்டது. மறு ஜனவரியில் புதுச்சேரியும் சரணடைந்தது.

பாடப்புத்தகத்தில் இது நாலு வரி. அந்தப் போரின் பாதையை எனக்கு விளக்கியது பெருமுக்கல் குன்று. கடப்பாக்கத்திலிருந்து மரக்காணம் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து திண்டிவனம் சாலையில் இன்னொன்று. இறங்கியதும் வயல்வெளி நடுவே மொட்டைப் பாறையாய் நிற்கிறது அந்தக் குன்று. எங்கள் கடலோரத்து மனிதனுக்குக் கிட்டுகிற மலை அதுதான். மேலே சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள முக்தியாலீசுவரர் கோயில். பாறைக் குகையில் வரலாற்றுக்கு முற்பட்ட மனிதர்கள் கல்லில் செதுக்கிய கோட்டுருவங்கள். அவற்றுக்கு மேலே, பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறிக் காவல் வைத்த கோட்டையின் மிச்சம். ஆங்கிலேய ஆவணங்களில் இந்த இடம் பெர்மகாயில். 1760-இல் இதை முற்றுகையிட்டபோது கூட் காயம்பட்டார்.

காலை வெயில் ஏறுவதற்குள் ஏறிவிட வேண்டும். பாறை சுட ஆரம்பித்தால் வெறுங்கால் தாங்காது. உச்சியில் நின்று சுற்றிப் பார்த்தால் அன்றைய தளபதிகள் ஏன் இந்தப் பாறைக்காக உயிரைக் கொடுத்தார்கள் என்று விளங்கிவிடும். மேற்கே செஞ்சி வரையிலான நாடு, வடக்கே வந்தவாசியிலிருந்து வரும் வழி, தெற்கே புதுச்சேரிக்குப் போகும் வழி, கிழக்கே பனைமரங்களுக்கு அப்பால் கழுவெளி ஏரியின் வெளிறிய நீர்க்கோடு. அந்தப் பக்கம் நகரும் எந்தப் படையும் இந்தக் கண்ணுக்குத் தப்பாது. கற்காலத்து வேட்டைக்காரன் விலங்குகளைப் பார்க்க ஏறிய பாறையில் சோழர் காலத்துக் கல்தச்சன் ஏறினான். பிறகு பீரங்கி ஏறியது. இப்போது பிரதோஷத்துக்குப் பக்தர்கள் ஏறுகிறார்கள். ஒரே ஏற்றம், ஒரே மூச்சிரைப்பு.

வடக்கே போகிற வழி கழியோடு போகிற வழி. ஓதியூர், முதலியார்குப்பம் என்று நீர் அகன்றுகொண்டே போகும். முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது. விடுமுறை நாளில் கூட்டம் சேரும். அதற்கு முன்பே, சூரியன் எழும்போது, கரையோரமாக நடந்தால் பார்க்கிற காட்சி வேறு. இருளர் பெண்கள் மார்பளவு நீரில் வரிசையாக நகர்ந்துகொண்டிருப்பார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. இரண்டு கையாலும் சேற்றுத் தரையைத் தடவிக்கொண்டே போவார்கள். கையில் இறால் தட்டுப்பட்டதும் அதன் முதுகு வளைந்து துள்ளுவதற்குள் பிடித்து, பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் பறிக்குள் போடுவார்கள். ஓலைப் பறி. அதைக் கடித்திருப்பதால் பேசவும் முடியாது. கண்ணால்தான் ஒருவருக்கொருவர் சைகை. மணிக்கணக்காக நீரில் இருந்து கரையேறும்போது விரல் நுனித் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். இறாலின் முள் கீறிய கோடுகள் உள்ளங்கை முழுவதும் இருக்கும்.

அவர்களில் ஒருவரிடம் எந்த இடத்தில் கழியைக் கடக்கலாம் என்று கேட்டேன். கையை நீட்டி, "அந்தக் கொக்கு நிக்குது பாரு, அதுக்கு இந்தாண்ட. அந்தாண்ட போனா உளை" என்றார். கொக்கு எங்கே நிற்கிறது என்பதை வைத்து நீரின் ஆழத்தைச் சொல்கிற அந்த அறிவு எந்த வரைபடத்திலும் இல்லை. குளிர்காலத்தில் அதே நீரில் பூநாரையும் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் இறங்கும். இறால் பிடிக்கிறவர்களுக்கும் பறவைகளுக்கும் நடுவே ஓர் எல்லை இருக்கிறது. பெண்கள் மெதுவாக நகர்ந்தால் பறவைகள் பறக்கமாட்டா. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கரையில் ஓடினால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். கழியில் எப்படி நடமாட வேண்டும் என்பதை அந்தப் பெண்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

கழியை விட்டு உள்ளே திரும்பினால் செய்யூர். கந்தசாமி கோயிலில் நட்சத்திரத்துக்கு ஒன்றாக 27 வேதாளங்கள் கல்லில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முகம். காலையிலிருந்து உப்புக்காற்றில் நடந்து வந்தவனுக்கு அந்தக் கல்மண்டபத்துக் குளிர்ச்சியும், வெளியே கிடைக்கிற கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும் பெரிய வரம்.

தெற்கு வழி எனக்கு மிகவும் பிடித்தது. மிகவும் வருத்தத்தோடு நடக்கிற வழியும் அதுதான். கடப்பாக்கத்திலிருந்து மரக்காணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கழிமுகம் அடைத்துக் கிடக்கும் கோடையில் மணல்திட்டு வழியாகவே போய்விடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் முகத்துவாரம் உடைத்துக்கொண்டால் கடக்கக் கூடாது. நீர் அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். குப்பத்தில் கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். மணலில் அடும்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும், ராவணன் மீசை உருண்டு ஓடும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிட்டுப் போன தடங்கள் தெரியும். கடலிலிருந்து வந்த தடம் ஒன்று, திரும்பிய தடம் ஒன்று.

வெயில் ஏறியதும் கால்வாய்க் கரைக்கு ஏறிவிடலாம். பக்கிங்காம் கால்வாய் ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே இறங்கிவந்து மரக்காணத்தில் முடிகிறது. ஒருகாலத்தில் இதில் உப்பும் விறகும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் சென்னைக்குப் போயின. கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். நாங்கள் இன்று நடக்கிற கரைப்பாதை அவர்கள் கால் போட்டது. சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற எட்டு கிலோமீட்டரை வெட்டியது தாது வருஷப் பஞ்சத்தில். 1877, 78-இல் பட்டினியால் ஊரைவிட்டு வந்தவர்களுக்குக் கூலி வேலையாகக் கொடுத்தார்கள். அதன் பிறகே கால்வாய்க்கு அன்றைய ஆளுநரின் பெயர் வந்தது. 1960களிலும் 1976-இலும் அடித்த புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து நின்றுபோயிற்று.

அதே 1878-இல், செப்டம்பர் மாதத்தில், எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் தென் பிரான்சின் செவென் மலைகளில் ஒரு கழுதையோடு நடந்தார். பன்னிரண்டு நாள் நடை. அதைப் புத்தகமாக எழுதினார். இன்று உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து அந்த வழியில் நடக்கிறார்கள். அந்த மலையூர்களில் பகல்நடைக்குப் பெயர்பெற்ற பாதைகளில் பல, ஆட்டிடையர்கள் போட்டவை. கோடை வந்தால் சமவெளியிலிருந்து மந்தைகளை மேட்டுப் புல்வெளிக்கு ஓட்டிக்கொண்டு போன தடங்கள். மந்தை குறைந்தது, இடையர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். பாதைகள் முட்செடி மூடிப் போயிருக்க வேண்டியவை. போகவில்லை. 1947 முதல் அந்நாட்டில் நடை விரும்பிகள் பாறையிலும் மரத்திலும் வெள்ளையும் சிவப்பும் கோடு போட்டுப் பாதைகளைக் குறிக்கத் தொடங்கினார்கள். பல இடங்களில் பாதை தனியார் நிலத்தின் வழியே போகிறது. ஊராட்சியோடும் நிலத்துக்காரரோடும் பேசித்தான் திறந்து வைத்திருக்கிறார்கள். பிழைப்புக்காக நடந்தவர்கள் விட்டுச் சென்ற தடத்தை விருப்பத்துக்காக நடப்பவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

எங்கள் பக்கம் நடப்பது இதற்கு நேர்மாறு. கருவாட்டுக் கூடை இப்போது இரு சக்கர வண்டியின் பின்னாலும் ஷேர் ஆட்டோவிலும் போகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தச் சுமையிலிருந்து கழுத்துகள் தப்பியது நல்லதே. பனையேறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். உப்பளத் தொழிலாளர்கள் வண்டியில் வருகிறார்கள். வேலை விலகியதும் பாதை ஆதரவற்றுப் போகிறது. ஆயாவோடு நான் நடந்த சவுக்குத் தோப்பு வழியில் இப்போது கம்பி வேலி. கடலுக்கு இறங்குகிற தடத்தில் மனைப்பிரிவுக் கற்கள், அவற்றைத் தாண்டினால் சுற்றுச்சுவர். ஒருமுறை, சிறுவயது முதல் போய்வந்த வழியில் காவலாளி என்னை நிறுத்தினார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவருக்குக் கொடுத்த வேலை அது. சற்றுத் தள்ளி ஒரு மீனவர் தோளில் வலையோடு சுவரைச் சுற்றிக்கொண்டு போனார். பத்து எட்டில் போக வேண்டிய கடலுக்கு அரைக் கிலோமீட்டர் சுற்று. அந்தச் சுற்று எனக்கு ஒருநாள் அலுப்பு, அவருக்கோ தினப்படிக் கூலியிலிருந்து போகிற நேரம்.

2004 சுனாமிக்குப் பிறகு மணல்மேட்டின் அருமையை எல்லோரும் பேசினோம். மேடும் தோப்பும் இருந்த இடங்களில் அலையின் வேகம் மட்டுப்பட்டதைக் குப்பத்துக்காரர்கள் கண்ணால் பார்த்தவர்கள். இருந்தும் மேடு சமப்படுத்தப்படுவது நிற்கவில்லை. நடந்து போகிறவர்கள் இருந்தால் எந்த மேடு எப்போது கரைந்தது, எந்தக் கிணறு எந்த வருடம் உப்புக் கரித்தது என்று சொல்ல ஆள் இருக்கும். கழுவெளியை 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு ஆண்டாண்டாக அங்கே நடந்து பறவைகளை எண்ணியவர்களின் குறிப்பேடுகளும் துணை நின்றன. நடப்பவர்கள் இல்லாத நிலத்துக்குச் சாட்சி இல்லை.

ஆகவே எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இடைக்கழிநாட்டின் பழைய வழிகளைக் குறித்து வைக்க வேண்டும். பெரிய செலவு இல்லை. கிழக்கே ஆலம்பரை வழி, வடக்கே கழி வழி, தெற்கே மரக்காணம் வரை கால்வாய்க்கரை வழி, மேற்கே ஏரிக்கரைகள் மீது போகிற கருவாட்டு வழி. நான்கிலும் அங்கங்கே பனைமரத்திலும் மதகுக் கல்லிலும் ஒரு வண்ணக்கோடு போதும். பள்ளிப் பிள்ளைகளே போடலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் கையால் குறித்த பாதையைப் பெரியவனான பின்பும் அடைக்க விடமாட்டான். பேரூராட்சி வாசலில் ஒரு வரைபடம் வேண்டும். எங்கே நல்ல தண்ணீர், எந்த மாதம் கழியைக் கடக்கலாம், எங்கே உளை என்பதையெல்லாம் குப்பத்தாரிடமும் இருளர் பெண்களிடமும் கேட்டு அதில் எழுத வேண்டும். அந்த அறிவுக்கு உரியவர்கள் பெயரும் அதில் இருக்க வேண்டும். மேற்கு வழிக்கு நத்தத்தனார் பெயரை வைக்கலாம். தமிழில் இந்த வட்டாரத்துக்கு முதல் வழிகாட்டி எழுதியவர் அவர்தான்.

சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நடக்க வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். தை, மாசியில் வாருங்கள். ஆறு மணிக்குக் கிளம்புங்கள், பதினோரு மணிக்குள் நிழலுக்குப் போங்கள். கழிக்குள் இறங்குமுன் கரையில் இருப்பவரைக் கேளுங்கள். பறவைகளை எழுப்பாதீர்கள், ஆமைத் தடத்தில் கால் வைக்காதீர்கள். பனங்கிழங்கும் கருவாடும் வழியில் விற்கிறவர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். பொழுது சாயத் திரும்பிவிடுங்கள். அடுத்த வாரமும் வாருங்கள். பாதை பொதுவில் இருக்கிறவரைதான் கழியும் கடலும் பொதுவில் இருக்கும். அதைப் பொதுவில் வைத்திருக்கும் காரியத்துக்கு மனுவும் வழக்கும் மட்டும் போதாது, தினமும் யாராவது அதில் நடக்க வேண்டும்.